சின்னப் பிள்ளைகளும் பிரித்து அடுக்கும் விளையாட்டும்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வெள்ளவத்தையில் ஒரு முன்பள்ளியில் மூன்று முதல் ஐந்து வயது வரையான பிள்ளைகளோடு வேலை செய்கிறேன். பிள்ளையைக் கூட்டிப்போக வரும் அம்மா, அப்பா, அம்மம்மா எல்லோரும் வாசலில் கேட்கும் கேள்விகளில் நிறைய இதைப் பற்றியதுதான்: "டீச்சர், இவளுக்கு இன்னும் கலர் பிரிக்கத் தெரியவில்லை. வீட்டில் என்ன செய்யலாம்?" வாசலில் நின்று ஆறுதலாகப் பதில் சொல்ல முடிவதில்லை. பின்னால் நிற்கும் ஓட்டோக்காரர் ஹோர்ன் அடிக்கத் தொடங்கிவிடுவார். அதனால் கேட்டவற்றையும் சொன்னவற்றையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

பொருட்களைப் பிரித்து வைப்பது அப்படி என்ன பெரிய திறமை?

நமக்கு அது ஒரு வேலையாகவே தெரியாது. தோய்த்த உடுப்பு மலையாகக் கிடந்தாலும், போனில் பேசிக்கொண்டே யாருடையது யாருக்கு என்று பிரித்துவிடுகிறோம். பிள்ளைக்கு அப்படியில்லை. கையில் இருப்பதை உற்றுப் பார்க்க வேண்டும். அதில் எது இப்போது முக்கியம், எதைக் கண்டும் காணாமல் விட வேண்டும் என்று முடிவெடுக்க வேண்டும். பிறகு அந்த முடிவைக் கடைசிப் பொருள் வரைக்கும் மறக்காமல் வைத்திருக்க வேண்டும். இந்தக் கடைசி வேலைதான் கஷ்டம். சிவப்பு மூடிகளைச் சேர்க்கத் தொடங்கிய பிள்ளை நடுவில் பெரிய மூடி ஒன்றைக் கண்டதும் பெரிய மூடிகளாகத் தேடத் தொடங்குவது அதனால்தான். அது கவனக்குறைவு இல்லை, அந்த வயதின் இயல்பு.

கணக்குக்கும் இதுதான் அத்திவாரம். "கூடையில் எத்தனை மாங்காய் இருக்கிறது?" என்று கேட்டால், எண்ணுவதற்கு முன்னால் எது மாங்காய், எது இல்லை என்று பிரித்தாக வேண்டும். எழுத்துக்கும் அப்படியே. 'ப'வையும் 'ம'வையும், 'எ'யையும் 'ஏ'யையும் வேறு வேறாகப் பார்ப்பது பிரிக்கப் பழகிய கண்ணுக்குச் சுலபம்.

எந்த வயதில் எதை எதிர்பார்க்கலாம்?

மாதக் கணக்காகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. சொன்னால் அடுத்த நாளே யாராவது பிள்ளையை உட்காரவைத்துச் சோதிப்பார்கள். பொதுவாக, இரண்டு வயதை ஒட்டி ஒரே மாதிரியான இரண்டைச் சேர்த்து வைக்கத் தொடங்குவார்கள், கரண்டியோடு கரண்டி, சப்பாத்தோடு சப்பாத்து என்று. மூன்று வயதளவில், நாம் பக்கத்தில் இருந்தால், நிறம் அல்லது அளவு என்று ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு பிரிப்பார்கள். பெயர் சொல்வது இதற்குப் பிறகு வரும். "சிவப்பு எது?" என்று கேட்டால் முழிக்கும் பிள்ளையும் சிவப்போடு சிவப்பைச் சரியாகச் சேர்த்துவிடும். ஆகவே "கலர் தெரியவில்லை" என்று சொல்வதற்கு முன், பெயர் தெரியவில்லையா, நிறமே பிரிக்கத் தெரியவில்லையா என்று பாருங்கள்.

மூன்றுக்கும் ஐந்துக்கும் இடையில் நடக்கும் மாற்றம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. 1990களில் கனடாவில் பிலிப் ஸெலாஸோ என்ற உளவியலாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு சீட்டு விளையாட்டு வைத்தார்கள். சீட்டுகளில் முயலும் படகும், இரண்டு நிறங்களில். முதலில் நிறத்தின்படி பிரிக்கச் சொன்னார்கள், மூன்று வயதுப் பிள்ளைகள் அழகாகப் பிரித்தார்கள். அப்புறம், "இனி நிறம் வேண்டாம், படத்தின்படி பிரிப்போம்" என்றார்கள். மூன்று வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் நிறத்தின்படியேதான் போட்டுக்கொண்டிருந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், "முயல் எங்கே போக வேண்டும்?" என்று கேட்டால் சரியான பெட்டியைக் காட்டுவார்கள். சீட்டைக் கையில் கொடுத்தால் பழைய பெட்டியில் போடுவார்கள். நாலு, ஐந்து வயதில் இந்தச் சிக்கல் தானாகக் கழன்றுவிடுகிறது. உங்கள் மூன்று வயது மகன் "ஓம் அம்மா" என்று தலையாட்டிவிட்டுப் பழையபடியே செய்தால், உடனே அதைப் பிடிவாதம் என்று நினைத்துவிடாதீர்கள்.

என்ன சாமான் வாங்க வேண்டும்? கடையில் கலர் கலராகக் கரடிப் பொம்மைப் பெட்டி இருக்கிறது, நல்ல விலை சொல்கிறார்கள்.

வாங்கினால் பாவமில்லை. ஆனால் அந்தக் கரடிகளை என்னென்ன வகையாகப் பிரிக்கலாம் என்பதைச் செய்தவரே முடிவுசெய்துவிட்டார், நிறம், மிஞ்சினால் அளவு. பிள்ளை கண்டுபிடிக்க அதில் ஒன்றும் மிச்சமில்லை. எறிய வைத்திருக்கும் சாமான்களில் அப்படியில்லை. தண்ணீர்ப் போத்தல் மூடி, பால்மா டின் மூடி, ஜாம் போத்தல் மூடி எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுவைத்தால், நிறம், அளவு, உலோகமா பிளாஸ்டிக்கா, எழுத்து இருக்கிறதா, தட்டினால் என்ன சத்தம் வருகிறது என்று பிரித்துக்கொண்டே போகலாம். கழுவிய யோகட் கோப்பைகள் பிரித்துப் போட நல்லவை. முட்டை வாங்கும் கடதாசி மட்டையும் நல்லது. உடுப்புக் கிளிப், உருளைக்கிழங்கு, பழைய சாவி, துணித்துண்டு எல்லாம் சேரும். ஒரேயடியாக எல்லாவற்றையும் கொட்ட வேண்டாம். பத்துப் பன்னிரண்டு பொருள் போதும், இரண்டு வயதென்றால் ஆறே போதும்.

பிழையாகப் பிரித்தால் திருத்த வேண்டாமா?

இதற்குத்தான் நான் நீளமாகப் பதில் சொல்வேன்.

எங்கள் வகுப்பில் நாலு வயதுப் பெண் ஒருத்தி பாயில் மூடிகளை இரண்டு குவியலாக வைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு குவியலிலும் நீலம் இருந்தது, வெள்ளையும் இருந்தது. பெரியதும் சின்னதும் கலந்துதான் கிடந்தன. பார்ப்பவர்களுக்கு அது ஒரு குப்பை. பக்கத்தில் குந்திக்கொண்டு, "இந்தக் குவியல் என்ன மாதிரி மூடி?" என்று கேட்டேன். ஒரு மூடியை எடுத்துத் திருப்பி உள்பக்கத்தைக் காட்டினாள். "இதுக்குள்ள மெத்தை இருக்கு டீச்சர்." அடுத்த குவியலிலிருந்து ஒன்றை எடுத்துத் திருப்பினாள். "இதுக்குள்ள இல்ல." சில மூடிகளின் உள்ளே மெல்லிய வட்டமாக ஒரு பஞ்சுத்தாள் ஒட்டியிருக்கும், அதைத்தான் சொல்கிறாள். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன், ஒன்றுகூடப் பிசகவில்லை.

"கலரை ஒழுங்காகப் பிரி" என்று நாம் கையை நீட்டித் திருத்தியிருந்தால், அவள் செய்த நல்ல வேலை ஒன்று அந்த இடத்திலேயே போயிருக்கும். எனக்கு முக்கியம் குவியல் இல்லை, அதற்குப் பின்னால் இருக்கும் காரணம். காரணம் இருந்தால் சரி. காரணம் நடுவில் மாறினால் அதுவும் சரி, அது மாறியது பிள்ளைக்குத் தெரிகிறதா என்று மட்டும் கவனியுங்கள்.

ஆனால் கேட்கும் விதத்தில் கவனம் வேண்டும். "இதை ஏன் இங்கே வைத்தாய்?" என்பது பிள்ளையின் காதில் பேச்சு வாங்குகிற மாதிரி விழும், உடனே எடுத்து மாற்றி வைத்துவிடும். "இவை எல்லாம் என்ன கூட்டம்?", "இதுவும் இவையும் எதில் ஒன்று?" என்று கேட்டுப் பாருங்கள். இன்னொரு வழி, நீங்களே வேண்டுமென்று ஒன்றைப் பிழையான குவியலில் போடுவது. "ஐயோ அம்மா, அது அங்க இல்ல!" என்று பிள்ளை பாய்ந்து வந்து உங்களைத் திருத்தும், அதோடு காரணமும் தானாகவே வெளியே வந்துவிடும்.

தேங்காயைத் திருவலையோடு வைக்கிறாள். பழம், காய், ஆயுதம் என்று பிரிக்க வராதா?

வரும். சின்ன வயதில் பிள்ளைகள் ஒன்றோடொன்று சேர்ந்து வேலை செய்பவற்றை ஒன்றாக வைப்பார்கள். நாயையும் எலும்பையும், குடையையும் மழையையும், தேங்காயையும் திருவலையையும். நாம் சமைக்கும்போது குசினியில் அவள் பார்ப்பது அதைத்தானே.

1980களில் எல்லன் மார்க்மன் என்ற அமெரிக்க ஆய்வாளர் சக ஆய்வாளர் ஒருவரோடு சேர்ந்து இதில் ஒரு நல்ல விஷயத்தைக் கண்டார். ஒரு படத்தைக் காட்டி "இதோடு போவது எது?" என்று கேட்டால் பிள்ளைகள் பெரும்பாலும் கூட்டாளிப் பொருளைத்தான் எடுப்பார்கள். அதே படத்துக்கு ஒரு பெயரைச் சொல்லி, அது முன்பின் கேட்காத பெயராக இருந்தாலும்கூட, "இன்னொரு இது எங்கே?" என்று கேட்டால் அதே இனத்தைத் தேடத் தொடங்குகிறார்கள். வீட்டில் செய்யக்கூடியது இதுதான்: பெயர் சொல்லிப் பேசுங்கள். "இது போஞ்சி, இது கரட், இரண்டும் மரக்கறி." மரக்கறிக் கடையில் இருந்து வந்த பையைக் காலி செய்யும் நேரம் இதற்கு நல்ல நேரம். பாடம் மாதிரி எடுத்தால் எழும்பிப் போய்விடுவார்கள், போகிற போக்கில் சொல்லுங்கள்.

பயறு, கடலை, மணி வைத்து விளையாடலாமா? விழுங்கிவிடுவானோ என்று பயமாக இருக்கிறது.

அந்தப் பயம் நியாயமானது. மூன்று வயதுக்குக் கீழ் என்றால், டொய்லெட் ரோலின் நடுவில் இருக்கும் கடதாசிக் குழாய்க்குள் விழும் எதையும் கொடுக்காதீர்கள். அது சுலபமான அளவுகோல். பொருளை இன்னும் வாயில் வைத்துப் பார்க்கும் பழக்கமுள்ள பிள்ளை என்றால் நாலு வயதானாலும் அதே சட்டம்தான்.

பெரிய பிள்ளைகளோடு பயறு, கௌபி, சிவப்புப் பருப்பு, கடலை எல்லாம் வைக்கலாம், பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்தால். கடலையோ பயறோ மூக்குக்குள் போனால் ஈரத்தில் ஊதும். ஹெயார்பின்னால் தோண்ட வேண்டாம், தோண்டினால் இன்னும் உள்ளே போகும். நேராக டொக்டரிடம் கொண்டுபோங்கள்.

விதைகளில் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். மஞ்சாடி விதை முழுச் சிவப்பு. குண்டுமணி சிவப்பில் ஒரு கறுப்புப் பொட்டோடு இருக்கும். சித்திரைப் புத்தாண்டில் சிங்கள வீடுகளில் விளையாடும் ஒலிந்த கெலிய பலகையில் குழிகளில் போடுவது இந்தக் குண்டுமணியைத்தான். பார்க்க அவ்வளவு வடிவு, ஆனால் உள்ளே அப்ரின் என்ற கடும் விஷம். முழுதாக விழுங்கினால் கெட்டித் தோல் காப்பாற்றக்கூடும். கடித்தாலோ மணி கோர்க்கத் துளைத்த விதை வயிற்றுக்குள் போனாலோ ஆபத்து. இதற்கென்று தனி மாற்று மருந்து கிடையாது. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் குண்டுமணியே வேண்டாம் என்பது என் கட்சி. பல்லாங்குழிக்குப் புளியங்கொட்டையோ சோகியோ போட்டுக்கொள்ளலாம், அதுவும் பெரிய பிள்ளைகளோடு.

அடுத்தது பட்டன் பற்றரி. ரிமோட்டிலும் பாட்டுப் பாடும் பொம்மையிலும் இருக்கும் அந்தச் சின்ன வட்டம் தொண்டையில் சிக்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே உள்ளே பொசுக்கிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே போதும், "பார்ப்போம்" என்று காத்திருக்க வேண்டாம். 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு இல்லை.

நாங்கள் தொடர்மாடியில் இருக்கிறோம். முற்றம் இல்லை, இடமும் இல்லை.

பால்கனி இருக்கிறதா? காலி வீதிப் பக்கம் பார்த்த பால்கனி என்றால் அதிர்ஷ்டம். அரசாங்கத்தின் இ.போ.ச. சிவப்பு பஸ், தனியார் பஸ், ஓட்டோ, மோட்டார் சைக்கிள் என்று ஓடிக்கொண்டே இருக்கும். பிள்ளைக்கு நாலு யோகட் கோப்பையும் கொஞ்சம் கிளிப்பும் கொடுத்து, ஒவ்வொன்று போகும்போதும் அதற்குரிய கோப்பையில் ஒரு கிளிப் போடச் சொல்லுங்கள். சிறிது நேரத்தில் எந்தக் கோப்பை நிறைந்தது என்று பார்க்கலாம். கொழும்பில் ஓட்டோக் கோப்பைக்குப் போட்டியே கிடையாது. ஐந்து வயதென்றால் பஸ்ஸின் இலக்கத்தையும் சேர்க்கலாம், 100, 101 என்று. பிள்ளையைத் தனியே பால்கனியில் விட வேண்டாம் என்பதைச் சொல்லவே தேவையில்லை.

உள்ளே என்றால் தோய்த்த உடுப்பு. சொக்ஸ் சோடி சேர்ப்பதைவிட நல்ல விளையாட்டைக் காசு கொடுத்தும் வாங்க முடியாது: ஒரே மாதிரி இரண்டு, ஆனால் ஒன்று உள்பக்கம் வெளியே திரும்பிக் கிடக்கும். அப்பாவின் கறுப்பு சொக்ஸ் எல்லாம் ஒன்று போலவே இருப்பது பெரியவர்களுக்கே சோதனை.

வெளியே எங்கே கூட்டிப்போகலாம்?

வெள்ளவத்தைக் கடற்கரைக்குப் போனால் சிப்பி, கல், அலை தேய்த்த கண்ணாடித்துண்டு என்று ஒரு பை நிறையும். கண்ணாடியை மட்டும் நீங்கள் முதலில் தடவிப் பாருங்கள், தண்டவாளத்தைக் கடக்கும்போது கையை இறுக்கிப் பிடியுங்கள். விகாரமகாதேவிப் பூங்காவில் கீழே விழுந்த இலைகள் போதும். அரசமிலையின் வாலையும் வேப்பிலையின் பல்லையும் பிள்ளை தானே கண்டுபிடிக்கும்.

தெஹிவளை மிருகக்காட்சிசாலைக்குப் போவதென்றால் ஒரு யோசனை. 1936இல் அரசாங்கம் பொறுப்பெடுத்த பழைய இடம் அது. பறவை ஒரு பக்கம், பாம்பு ஒரு பக்கம், மீன் ஒரு பக்கம் என்று ஏற்கெனவே பிரித்துத்தான் வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வரும் வழியில், "நாங்கள் வேற மாதிரிப் பிரிப்போமா?" என்று கேளுங்கள். கால் இல்லாதவை எல்லாம் ஒரு வீட்டில் என்றால் பாம்பும் மீனும் அயலவர் ஆகிவிடுவார்கள். நித்திரை கொண்டிருந்தவை, முழித்திருந்தவை என்று பிரித்த பிள்ளையும் உண்டு. மத்தியான வெயிலில் போனால் முதல் கூட்டம்தான் பெரிது.

வீட்டில் தமிழ், முன்பள்ளியில் இங்கிலிஷ், பக்கத்து வீட்டில் சிங்களம். எந்த மொழியில் சொல்லிக்கொடுப்பது?

உங்களுக்குத் தயங்காமல் வரும் மொழியில். பிரிக்கும் திறமை ஒரு மொழியில் வந்தால் மற்றதிலும் இருக்கும், பெயர்தான் மாறும். நிறத்தின் பெயரைவிட, "ஒரே மாதிரி", "வேற மாதிரி", "இதைவிடப் பெரிசு", "சிவப்பு இல்லாதது" போன்றவை வீட்டுப் பேச்சில் நிறைய வர வேண்டும். குறிப்பாக "இல்லாதது". சிவப்பு இல்லாததை எல்லாம் கொண்டுவா என்று சொல்லிப் பாருங்கள், மூன்று வயதுப் பிள்ளை சிரித்துக்கொண்டே சிவப்பைத் தூக்கிக்கொண்டு வரும்.

கார்களை ஓயாமல் வரிசையாக அடுக்குகிறான். ஓட்டிசமா என்று கூகிளில் பார்த்துப் பயந்துவிட்டேன்.

வரிசை அடுக்குவது மட்டும் எதற்கும் அடையாளம் இல்லை. ஏராளமான பிள்ளைகள் அடுக்குவார்கள், பிரிப்பதற்குப் பக்கத்து வீட்டு வேலைதான் அது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமல் இருப்பது, விரலால் காட்டி "அங்க பார்" என்று உங்களோடு பகிராமல் இருப்பது, கண் பார்த்துச் சிரிக்காமல் இருப்பது, பேசிக்கொண்டிருந்த சொற்கள் குறைந்துபோவது போன்றவை சேர்ந்து இருந்தால்தான் பார்க்க வேண்டும். அப்படித் தோன்றினால் கூகிளை மூடிவிட்டு உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடமோ பிள்ளை வைத்திய நிபுணரிடமோ சொல்லுங்கள். சீக்கிரம் காட்டினால் சீக்கிரம் உதவி கிடைக்கும். அயல்வீட்டு அன்ரி சொல்வதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

ஐந்து வயதாகியும் சிவப்பையும் பச்சையையும் மாற்றி மாற்றிப் போடுகிறான்.

நீலம், மஞ்சள் எல்லாம் சரியாக வந்து இந்த இரண்டில் மட்டும் தடுமாறினால் கண்ணைக் காட்டுங்கள். சிவப்பு பச்சை நிறக்குருடு ஆண் பிள்ளைகளில்தான் அதிகம், அம்மாவின் வழியாக வருவது. அம்மப்பாவுக்கோ மாமாவுக்கோ அப்படி இருந்ததா என்று விசாரித்துப் பாருங்கள். இருந்தால் பெரிய துக்கம் ஒன்றும் இல்லை. டீச்சருக்குச் சொல்லிவிடுங்கள், பென்சிலில் நிறத்தின் பெயரை எழுதி ஒட்டுங்கள்.

இரண்டு நிமிஷத்தில் எழும்பி ஓடிவிடுகிறான்.

ஓடட்டும். சில பிள்ளைகளுக்குக் கை வேலையைவிடக் கால் வேலை பிடிக்கும். அறையின் ஒரு மூலையில் கூடையை வைத்து, மறுமூலையில் இருந்து ஒவ்வொன்றாக ஓடிக் கொண்டுபோய்ப் போடச் சொல்லுங்கள்.

போனில் நல்ல பிரிக்கும் விளையாட்டு அப்ஸ் இருக்கிறதே?

எப்போதாவது பஸ்ஸில் அழுகையை நிறுத்த என்றால் நானும் பேசாமல் இருப்பேன். ஆனால் அதில் சரி என்றால் கைதட்டல், பிழை என்றால் "டொங்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மூடிக்குள்ளே மெத்தை இருக்கிறது என்று அந்த அப்ஸிடம் சொல்ல முடியாது. பாரமும் இல்லை, சத்தமும் இல்லை, சொரசொரப்பும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன அளவு, ஒரு வயதுப் பிள்ளைகளுக்குத் திரையே வேண்டாம், இரண்டு முதல் நாலு வயது வரை நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது என்பது. டீவியும் அந்தக் கணக்கில்தான்.

மொண்டிசோரியில் சேர்த்தால் இதெல்லாம் தானாக வருமா?

கொழும்பில் முன்பள்ளிப் பெயர்ப்பலகைகளில் பாதி மொண்டிசோரிதான், ஆகவே பலகையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இந்த முறையை உருவாக்கிய மரியா மொண்டிசோரி 1939இல் சென்னைக்கு வந்து, யுத்த காலத்தில் அடையாறில் தங்கியிருந்து பயிற்சி கொடுத்தவர். 1944இல் இலங்கைக்கும் வந்து விரிவுரை நடத்தினார். அவருடைய முறையில் நிறப் பலகைகள், குலுக்கினால் வேறு வேறு சத்தம் தரும் உருளைகள் என்று பிரிக்கவும் சோடி சேர்க்கவுமே ஒரு பெரிய தொகுதி இருக்கிறது. பிழையைப் பிள்ளை தானே கண்டுகொள்ள வேண்டும், டீச்சர் குறுக்கே விழக்கூடாது என்பது அதன் உயிர்.

ஆகவே போய்ப் பார்க்கும்போது சாமானைப் பார்க்காதீர்கள். அலுமாரியில் கண்ணாடிக்குப் பின்னால் பூட்டிவைத்த சாமானால் பிரயோசனம் இல்லை. பிள்ளைகள் கைக்கு எட்டும் உயரத்தில் அவை இருக்கின்றனவா, டீச்சர் எத்தனை தடவை "அப்படி இல்லை, இப்படி" என்கிறார் என்று பத்து நிமிஷம் நின்று கவனியுங்கள்.

வீட்டு வேலையில் சேர்க்கலாமா?

தாராளமாக. குப்பை பிரிப்பது கொழும்பில் எப்படியும் செய்தாக வேண்டிய வேலை. 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்த பிறகு யாருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை. உக்கும் குப்பை பச்சை, கடதாசி நீலம், பிளாஸ்டிக் செம்மஞ்சள் என்ற நிறங்களைப் பிள்ளைகள் நம்மைவிட வேகமாகப் பிடித்துக்கொள்வார்கள். வாழைப்பழத் தோலையும் பேப்பரையும் அவர்களிடம் விடுங்கள். கண்ணாடி, பிளேடு, மருந்து மட்டை உங்கள் வேலை.

விளையாட்டுச் சாமானை எடுத்துவைப்பதும் பிரிப்பதுதான். "அறையைத் துப்புரவாக்கு" என்றால் எந்தப் பிள்ளைக்கும் எங்கே தொடங்குவது என்று தெரியாது. "சில்லு உள்ளதெல்லாம் இந்தப் பெட்டிக்குள்" என்றால் தெரியும்.

அம்மம்மாவோடு விட்டுத்தான் வேலைக்குப் போகிறோம். அவர் உடனே கையை நீட்டித் திருத்திவிடுகிறார்.

அம்மம்மாவுக்கு இந்தப் பக்கத்தை அனுப்பிச் சண்டை மூட்ட வேண்டாம். வீட்டிலேயே பிரிக்கத் தெரிந்தவர் அவர்தான், சுளகில் கொட்டிய பயறில் கல் எங்கே இருக்கிறதென்று தூரத்திலிருந்தே சொல்வார். அவருக்குத் தெரிந்த வேலையிலேயே பிள்ளையைச் சேர்த்துவிடுங்கள். கறிவேப்பிலை உருவி முற்றியதையும் இளசையும் பிரிப்பது, சின்ன வெங்காயத்தையும் பம்பாய் வெங்காயத்தையும் தனிக் கூடையில் போடுவது, நெத்தலிக் கருவாட்டில் தலையை ஒரு பக்கம் சேர்ப்பது. அங்கே அவர் திருத்தினாலும் பிழையில்லை, சமையலுக்கு உண்மையிலேயே ஒரு சரி இருக்கிறது. விளையாட்டில் மட்டும் கொஞ்சம் பொறுமையாக, "இது என்ன கூட்டம் குஞ்சு?" என்று கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு தடவை சுவையான பதில் கிடைத்துவிட்டால் பிறகு அவரே கேட்கத் தொடங்குவார்.

ஐந்து வயது முடிந்து தரம் 1க்குப் போகப் போகிறாள். இன்னும் எதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்?

தரம் 1இலும் விளையாட்டும் செயற்பாடும்தான் முக்கியம், ஆகவே அவசரம் வேண்டாம். இரண்டு காரணத்தை ஒன்றாக வைத்துப் பிரிக்க முடிகிறதா என்று பாருங்கள். சிவப்பாகவும் இருக்க வேண்டும், வட்டமாகவும் இருக்க வேண்டும். அதே குவியலைக் கலைத்து வேறு விதமாகப் பிரிக்க முடிந்தால் இன்னும் நல்லது. பிரித்ததை வரிசையாக நிறுத்தி எது கூட, எது குறைவு என்று பார்ப்பது வரைபடத்தின் தொடக்கம்.

சும்மா பார்க்க ஒரு வேடிக்கை இருக்கிறது. சுவிற்சர்லாந்தின் உளவியலாளர் ழான் பியாஜே பிள்ளைகளிடம் கேட்ட மாதிரியான கேள்வி. மேசையில் ஆறு கோழிக்கூட்டு வாழைப்பழமும் இரண்டு மாம்பழமும் வையுங்கள். "வாழைப்பழம் கூடவா, பழம் கூடவா?" என்று கேளுங்கள். ஐந்து வயதுப் பிள்ளை பெரும்பாலும் யோசிக்காமல், "வாழைப்பழம்" என்று சொல்லும். வாழைப்பழமும் பழம்தானே என்று எவ்வளவு விளக்கினாலும் "மாம்பழம் ரெண்டுதானே இருக்கு" என்று உங்களையே பரிதாபமாகப் பார்க்கும். ஒரு பொருள் ஒரே நேரத்தில் சின்னக் கூட்டத்திலும் பெரிய கூட்டத்திலும் இருக்கலாம் என்பது ஏழு, எட்டு வயதளவில்தான் பிடிபடும். சொல்லிக்கொடுத்து வராது. பழத்தைச் சாப்பிட்டுவிட்டு அடுத்த வருஷம் திரும்பக் கேளுங்கள்.